களை எடுத்த பின் தோல் அரிப்பா? பார்த்தீனியம் ஒவ்வாமையை அறிவது எப்படி

களை எடுத்த ஓரிரு நாளில் கண் இமை வீங்கி, கழுத்தும் முழங்கை மடிப்பும் அரிக்கிறதா? வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட வேண்டாம். வரப்பில் நிற்கும் பார்த்தீனியம் காரணமாக இருக்கலாம்.

ஏன் வருகிறது?

அமெரிக்காவிலிருந்து வந்த இக்களை 1950களில் புனேயில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. இதன் இலை, தண்டு, பூவில் உள்ள நுண்முடிகளில் பார்த்தினின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. காய்ந்த செடியின் தூள் காற்றில் பறந்து தோலில் படிந்தாலும் போதும்.

செடியைத் தொடும் எல்லோருக்கும் ஒவ்வாமை வருவதில்லை. ஆனால், பல ஆண்டுகள் தொந்தரவின்றிக் களை எடுத்தவருக்கும் ஒருநாள் வரலாம். வந்துவிட்டால் ஒவ்வொரு முறை செடி பட்டாலும் திரும்ப வரும். அரிப்பு உடனே தோன்றாமல் 1 முதல் 3 நாட்கள் கழித்துத் தோன்றுவதால் காரணம் பிடிபடுவதில்லை.

எப்படிப் பிரித்தறிவது?

• வெயில் ஒவ்வாமை: வெயில் படும் இடங்களில் வரும். மேல் இமை, காதின் பின்புறம், தாடையின் அடிப்பகுதி பெரும்பாலும் தப்பிவிடும்.
• பார்த்தீனியம்: தூள் எங்கும் புகுவதால் அந்த மறைவான இடங்களும், கை, கால் மடிப்புகளும் பாதிக்கப்படும்.
• படர்தாமரை: வட்டமாக, ஓரம் தடித்துப் பரவும். வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். ஒவ்வாமை தொற்றாது.

வெளியூரில் சில நாட்கள் தங்கும்போது குறைந்து, வயலுக்குத் திரும்பியதும் கூடினால் சந்தேகம் வலுக்கும்.

உறுதி செய்வது எப்படி?

தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்வார். ஒவ்வாமை தரும் பொருட்களைச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார். ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பார். அதுவரை முதுகு நனையக்கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், முடிவு மாறக்கூடும். செடியைத் தோலில் தேய்த்து நீங்களே சோதிக்க வேண்டாம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. படர்தாமரைக்கு அதைப் பூசினால் நோய் மேலும் பரவும். நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

தடுப்பு முறைகள்

• பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் அவசியம். ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலையில் இறங்கக்கூடாது.
• பயிரில்லாத இடங்களில் 1 லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பு கலந்து செடி நன்கு நனையத் தெளிக்கலாம்.
• வேலை முடிந்ததும் குளித்து, உடைகளைத் தனியாகத் துவைக்கவும்.
• சாமந்தி, சூரியகாந்தி ஆகியவையும் இதே குடும்பம். அவற்றைக் கையாளும்போதும் அரிக்கிறதா என்று கவனிக்கவும்.

மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ முகம் வேகமாக வீங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.