உங்களுக்குத் தெரியுமா? ஆலையை ஆட்டுவிக்கும் பி.எல்.சி.

● செவ்வாப்பேட்டையை அடுத்த காக்களூர் சிட்கோ, வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில், மோட்டாரையும் வால்வையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்குப் பெயர் பி.எல்.சி.

● கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களுக்குப் புதிதாக வயரிங் செய்து சலித்த ஜெனரல் மோட்டார்ஸ், 1968-இல் மாற்று வழி கேட்டது. பொறியாளர் டிக் மோர்லி குழுவினர் தந்த விடை 'மோடிகான் 084' என்ற பி.எல்.சி. அது அவர்கள் நிறுவனத்தின் 84-ஆவது திட்டம்!

● பி.எல்.சி.க்கான 'லேடர்' நிரல், பழைய ரிலே வரைபடத்தைப் போல ஏணி வடிவில் இருக்கும். எலெக்ட்ரீசியன்களும் எளிதில் படிக்கத்தான் இந்த ஏற்பாடு.

● அளவு காட்டும் சென்சார்களின் சிக்னல் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லிஆம்பியர். மிகக் குறைந்த அளவுக்கே 4 வரும். 0 வந்தால் வயர் அறுந்துவிட்டது என்று பொருள்.

● நிரல் ஒரு சுற்றைக் குறித்த நேரத்தில் முடிக்காவிட்டால், 'வாட்ச்டாக்' டைமர் பி.எல்.சி.யை நிறுத்திவிடும்.

● பொருத்தும்போது: 35 மி.மீ. 'டின் ரெயில்' பட்டையில் மாட்டி, மேலும் கீழும் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள். சிக்னல் வயரையும் மோட்டார் கேபிளையும் ஒரே டிரேயில் சேர்க்காதீர்கள். எர்த் இணைப்பைச் சரிபாருங்கள்.

● எமர்ஜென்சி ஸ்டாப்பைச் சாதாரண நிரலை மட்டும் நம்பி விடக்கூடாது. நிரல் உறைந்தாலும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனிப் பாதுகாப்புச் சுற்று அவசியம்.

● எல்லாம் ஓடத் தொடங்கியதும் நிரலின் நகலைத் தனியே சேமியுங்கள். போர்டு பழுதானால் புதியது வாங்கலாம். தொலைந்த நிரலைக் கடையில் வாங்க முடியாது.