நீர்மோரில் ஒரு பச்சை மிளகாய்

தயிரைக் கடைந்து வெண்ணெயை எடுத்துவிட்டு, தண்ணீர் நிறைய விட்டு, உப்பிட்டுக் குடிப்பது நீர்மோர். விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊர்களில் இதில் இஞ்சியோடு பச்சை மிளகாயையும் நசுக்கிச் சேர்ப்பது வழக்கம். தாகம் தணிக்கும் குளிர்ந்த பானத்தில் காரம் எதற்கு என்ற கேள்விக்கு விடை பாதி அந்த மண்ணின் வறட்சியிலும், பாதி மிளகாயின் வேதியியலிலும் இருக்கிறது.

முதலில் வறட்சி. இந்த மாவட்டத்தின் வெம்பக்கோட்டை வட்டத்து ஏழாயிரம்பண்ணை, சிவகாசி வட்டாரப் பட்டாசுத் தொழில் ஊர்களில் ஒன்று. 1920களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். மழையும் காற்றின் ஈரமும் குறைந்த இந்தப் பகுதி தீப்பெட்டிக்கும், பின்னர் பட்டாசுக்கும் வாய்ப்பாக அமைந்தது. பட்டாசைக் காயவைக்கும் வெயில்தான் களத்தில் பரப்பிய மிளகாயை வத்தலாக்குகிறது. மனிதரின் வியர்வையும் இந்தக் காற்றில் சீக்கிரம் உலர்கிறது. வியர்வை உலரும்போதுதான் உடம்பின் சூட்டைத் தன்னோடு எடுத்துச் செல்லும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது உலராமல் வழிந்துகொண்டே இருப்பதால் அந்தப் பலன் குறைவு.

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். விதையில்தான் காரம் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்மையான உட்சதையில்தான் அது உருவாகிறது. நாக்கின் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் உண்டு. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அது விழித்துக்கொள்ளும். கேப்சைசின் சூடே இல்லாமல் அதே புரதத்தைத் தூண்டிவிடுகிறது. வாய் சுட்டுவிட்டதாக மூளை எண்ணி, உடம்பைக் குளிர்விக்க வியர்வையை வரவழைக்கிறது. வறண்ட காற்றில் அந்த வியர்வை சீக்கிரம் உலர, உடம்பு குளிர்கிறது. இந்தப் புரதத்தை 1997இல் கண்டறிந்த அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ், 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வழியாக இந்தியா வந்தது. அதற்கு முன் இங்கே காரம் என்றால் மிளகு, இஞ்சி போன்றவைதான். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் ஆயிற்று. கோடையில் வரும் ராமநவமியன்று நீர்மோரோடு வழங்கும் பானகத்தில் வெல்லத்துடன் சுக்கும் மிளகும் இன்றும் சேர்கின்றன. வெயில் காலப் பானத்தில் காரம் சேர்க்கும் பழக்கத்துக்கு மிளகாய் புதுவரவுதான்.

மேலைநாடுகளில் அண்மைக் காலமாகக் குளிர்ந்த வெள்ளை ஒயினில் பச்சை மிளகாய் வில்லைகளைப் போட்டுக் குடிக்கிறார்கள். மோரிலும் ஒயினிலும் காரம் ஒன்றே, வேலை செய்யும் விதம் வேறு. கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, மதுவில் ஓரளவு கரையும். மதுவும் டி.ஆர்.பி.வி.1 புரதத்தைத் தூண்டுவதால் எரிச்சல் கூடும். அத்துடன் மது சிறுநீரைப் பெருக்கி உடம்பின் நீரைக் குறைக்கும். மோரில் உள்ள கேசீன் என்ற பால் புரதமோ கேப்சைசினைப் பற்றிக்கொண்டு நாக்கிலிருந்து விலக்குகிறது. வெண்ணெய் எடுத்த மோரிலும் கேசீன் எஞ்சியிருக்கும். அதனால் காரம் தெரியும், எரிச்சல் நீடிக்காது. வியர்வையில் போன நீரையும் உப்பையும் மோர் திருப்பித் தருகிறது.

ஒரு பங்கு புளிக்காத தயிருக்கு மூன்று, நான்கு பங்கு தண்ணீர் போதும். ஒரு பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை ஆகியவற்றை உப்போடு நசுக்கிக் கலந்து, ஒரு சிட்டிகை பெருங்காயம் சேர்க்க வேண்டும். காரம் குறைவாக வேண்டுமென்றால் மிளகாயின் வெள்ளைச் சதையைச் சுரண்டி எடுத்துவிடலாம். குளிர்விக்க மண்பானையே போதும். அதன் நுண்துளைகளில் கசியும் நீர் உலரும்போது உள்ளிருக்கும் மோர் குளிரும். வியர்வை உடம்பைக் குளிர்விப்பதும் இப்படித்தான். வறண்ட காற்றுள்ள ஊரில் இரண்டும் நன்றாகவே நடக்கும். வயிற்றுப்புண்ணோ நெஞ்செரிச்சலோ உள்ளவர்கள் மிளகாயைத் தவிர்த்து, கறிவேப்பிலை சேர்த்த மோரைக் குடிப்பது நல்லது.