கெண்டைக்கால் சொன்ன சேதி

விளையாட்டில் வந்த வினையை விளையாட்டாகவே எண்ணியது என் பிழை. பழைய மாணவரோடு ஆடிய உதைபந்தாட்டத்தில் என் முழங்கால் திருகிக்கொண்டது. மூட்டினுள் மெத்தைபோற் கிடக்கும் பிறைவடிவக் கசியிழையம் கிழிந்துவிட்டதென்றார் வைத்தியர். இரண்டு சிறு துளைகள். ஒன்றினூடே நோக்குக்குழாய், மற்றதனூடே கருவி. அன்று மாலையே வீடு திரும்பினேன். "இதுவும் ஒரு சத்திரசிகிச்சையா?" என்று பார்க்க வந்தோரிடம் நகைத்தேன்.

ஏழாம் நாள் கெண்டைக்கால் நொந்தது. சற்றே வீங்கி வெதுவெதுப்பாகவும் இருந்தது. படுத்துக் கிடந்ததால் வந்த பிடிப்பென்று நினைத்தேன். அயல்வீட்டுப் பெரியம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு உருவிவிட வந்தமர்ந்தார். அவ்வேளை நலம் விசாரிக்க வந்தான் என் மாணவன் ஒருவன், மருத்துவபீடத்திற் பயில்பவன். காலைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

"பெரியம்மா, காலிலை கைவைக்காதேங்கோ. சேர், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

ஒலியலைப் படம் உண்மையைக் காட்டியது. கெண்டைக்காலின் ஆழ்நாளத்திற் குருதி உறைந்து நின்றது. அவ்வுறைகட்டி பெயர்ந்தால், நாளவழியே மேலேறி, இதயத்தைக் கடந்து, நுரையீரல் நாடியை அடைத்து உயிரையே கவர்ந்துவிடலாம். பெரியம்மாவின் அன்புக் கை அதனைப் பெயர்த்திருக்கவுங் கூடும்!

குருதி ஏன் உறைந்தது? குருதிக்கட்டி நுரையீரலுக்குப் பெயர்ந்து செல்வதை ஆராய்ந்து 1856 இல் எழுதிய யேர்மனிய அறிஞர் விர்ச்சோவின் பெயரால் இன்றும் மூன்று காரணங்கள் வழங்குகின்றன: ஓட்டம் தளர்தல், கலனின் சுவர் ஊறுபடல், குருதி உறையுந் தன்மை மிகுதல். சத்திரசிகிச்சையின்போது தொடையை இறுக்கிய பட்டியும், பின்னர் நான் கிடந்த கிடையும் ஓட்டத்தைத் தளர்த்தின. துளை சிறிதாயினும் நாளம் அதனை அறியாதன்றோ!

நாளத்தின் கதை இதுவாயின், நாடியின் கதை இன்னும் கடியது. முழங்காலின் பின்புறத்தே மூட்டை ஒட்டி ஓடும் பெருநாடி மேலும் கீழும் பிணிப்புண்டிருப்பதால் விலகிக்கொள்ள இயலாது. ஆட்டத்தில் முழங்கால் முற்றாக இடம்பெயரும்போது அது இழுபட்டுக் கிழியலாம். என்பு தானாகவே மீண்டுவிடின், பார்ப்போர் ஏமாறுவர். பாதத்தில் துடிப்பிருந்தும் நாடியின் உட்சுவர் கிழிந்து, சில மணி நேரத்தின் பின் அடைபடுவதுண்டு. ஆகவேதான் வைத்தியர் பாதத்தை மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்க்கின்றனர். ஏறக்குறைய 6 மணி நேரத்துள் ஓட்டம் மீளாவிடில் கால் தப்புவது அரிது. இரண்டாம் உலகப் போரில் அந்நாடி அறுபட்ட அமெரிக்கப் படையினருள் 100க்கு 70 பேருக்கு மேல் காலை இழந்தனர். நாடியைக் கட்டிவிடாது தைத்து இணைக்கும் முறை கொரியப் போரிற் பரவிய பின்னரே அத்தொகை பாதிக்குங் கீழே இறங்கியது.

தோளின் இயல்பும் இத்தகையதே. அடிக்கடி கழலும் தோளுக்கு, 1954 இல் பிரான்சிய வைத்தியர் லத்தார்சே விவரித்த சத்திரசிகிச்சையில் என்புமுனையொன்றை வெட்டி மூட்டின் முன்னே பொருத்துவர். அவ்விடத்துக்கு அணித்தே அக்குள் நாடியும் நரம்புகளும் ஓடுகின்றன. அந்நாடி ஊறுபட்ட பின்னும், பக்கக் கிளைகளின் உதவியால், மணிக்கட்டிற் துடிப்புத் தோன்றலாம்.

மூன்று மாதம் மருந்துண்டு நலமடைந்தேன். பெரியம்மாவோ, "நான் உன்னைக் கொல்லப் பார்த்தேனே" என்று இன்றும் வருந்துகிறார். பிழை அவருடையதன்று, கால் சொன்ன சேதியைக் கேளாதிருந்தவன் நானே. மைதானத்தில் மாணவரை ஆடவிடும் ஆசிரிய நண்பர்களே, முழங்கால் இடம்பெயர்ந்தவனின் பாதம் குளிர்ந்தாலும், சத்திரசிகிச்சை முடிந்தவனின் கெண்டைக்கால் வீங்கினாலும், மூச்சு முட்டினாலும், விடியட்டுமென்று காத்திராதீர்கள்.