பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் ஆள்

"வயசாயிட்டா மறதி வரத்தானே செய்யும்" என்று கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். சாப்பிட்ட கை காய்வதற்குள் மாமனார் தெருவில் நின்று "எனக்குச் சோறே போடல" என்று சொன்னால், பழி மருமகள் தலையில்தான் விழும். ராத்திரி அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாரோ என்ற பயத்தில் அவளுக்குத் தூக்கமும் இல்லை. மாத்திவிட ஆளும் இல்லை.

இது வெறும் வயசு மறதியாக இல்லாமல் நோயாகவும் இருக்கலாம். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் (டிமென்ஷியா) இருக்கிறது. பெரும்பாலும் இது மாத்திரையில் குணமாகிற நோயல்ல. கூட இருப்பவருக்குக் கைகொடுப்பதும் வைத்தியம்தான்.

அது முடியும் என்று கோவாவில் காட்டியிருக்கிறார்கள். மருத்துவர் அமித் தியாஸும் குழுவினரும் 81 குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. பன்னிரண்டாம் வகுப்பாவது படித்த உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி தந்தார்கள். அவர்கள் ஆறு மாதம், பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது வீடு தேடிப் போனார்கள். இது என்ன நோய், பெரியவர் கத்தினால் என்ன செய்வது, எந்த அரசு உதவியைக் கேட்கலாம் என்று சொல்லித் தந்தார்கள். வீட்டார் சொல்வதை உட்கார்ந்து கேட்டார்கள். மனநல மருத்துவர் மேற்பார்வை பார்த்தார். கவனித்துக்கொண்டவர்களின் மன உளைச்சல் தெளிவாகவே குறைந்தது.

தமிழ்நாட்டில் அப்படி வீடு தேடி வரும் ஆளைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்கள். வழிகாட்ட, சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அந்நாளைய ராஜா முத்தையா மருத்துவமனை, இருக்கிறது. மறதிநோயாளிகளின் குடும்பங்களோடு பழகிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு சென்னையில் இருக்கிறது.

தொடங்குவதைவிடத் தொடர்வதுதான் கடினம். திட்டப் பணம் தீர்ந்ததும் வருகை நின்றுவிடும். நோயோ பல வருஷம் இழுக்கும். அதனால் இந்தச் செலவு அரசின் ஆண்டு வரவுசெலவில் ஏற வேண்டும். ஏற்கெனவே குறைந்த ஊக்கத்தொகையில் வீடுவீடாக அலையும் அந்தப் பெண்களிடம் "இதையும் சேர்த்துப் பாருங்கள்" என்று சும்மா சொல்வது அநியாயம். கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம் வேண்டும், மாதம் ஒருமுறையாவது சந்தேகம் கேட்க ஒரு மருத்துவரும் வேண்டும்.

இப்போதைக்கு ஆலோசனை கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் உண்டு. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை கட்டணமில்லாமல் பேசலாம்; பார்த்துக்கொள்கிறவர்களும் பேசலாம்.