கருவம் கசிகின்றதா?

முப்பதாண்டுகளுக்கு மேலாக வகுப்பறைக் கரும்பலகையில் நான் வரைந்து வந்த படம் ஒன்று உண்டு. ஒன்றனுள் ஒன்றாக மூன்று வட்டங்கள். புறத்தே மெல்லிய புவிமேலோடு. அடுத்துக் கற்பாறையாலான கவசம். நடுவே இரும்பும் நிக்கலும் செறிந்த கருவம். கவசத்திற்கும் கருவத்திற்கும் இடைப்பட்ட கோட்டை மட்டும் சுண்ணக்கட்டியை அழுத்தி இருமுறை வரைவேன். ஒருநாள் கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்தக் கோடு கசியாதா?" என்று வினவினான். "நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோனவை, தம்பி, அதன்பின் கலப்பே இல்லை. உட்கார்" என்றேன். அவ்விடை பிழை என்று கருதச் சான்றுகள் பெருகியுள்ளன. ஆகவே இன்றைய பேச்சை அவனுக்குக் கடன்பட்ட விடையாகவே அமைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கோடு நம் காலடியிலிருந்து ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. சோவியத் ஒன்றியத்தார் கோலா தீபகற்பத்தில் பல்லாண்டுகள் துளையிட்டு 1989-இல் எட்டிய ஆழமோ 12,262 மீட்டர்தான். நேரே சென்று காண வழியில்லை. நிலநடுக்க அலைகள் கோடு எங்குள்ளது என்று சொல்லும். அதனூடே பொருள் கடக்கிறதா என்று சொல்லமாட்டா. அதற்குச் சாட்சி கூற வல்லவை ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தைச் சேர்ந்து எடையில் மட்டும் வேறுபடும் அணுவகைகள்.

பழைய குண்டு விளக்குகளின் இழையாக நாம் அறிந்த டங்ஸ்டனை எடுத்துக்கொள்வோம். உலையில் உருகிய இரும்பு அடியில் தங்கக் கசடு மேலே மிதப்பதுபோல, இளம் பூமியில் இரும்பு நடுவே ஆழ்ந்தது. டங்ஸ்டன் இரும்பை நாடுவது. அதன் பெரும்பகுதி கருவத்திற்குச் சென்றது. ஹாஃப்னியம் பாறையை நாடுவது. அது கவசத்திலேயே தங்கிற்று. அந்நாளில் ஹாஃப்னியம்-182 என்னும் கதிரியக்க வகை இருந்தது. ஏறத்தாழ 90 இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, அது டங்ஸ்டன்-182 ஆக மாறிற்று. கருவம் பிரிந்த பின்னர் இவ்வாறு பிறந்த டங்ஸ்டன் முழுவதும் கவசத்தின் சொத்தாயிற்று, கருவத்திற்குப் பங்கில்லை. ஆகவே கருவத்து டங்ஸ்டனில் அவ்வகை பத்து இலட்சத்திற்கு ஏறத்தாழ 200 பங்கு குறைவு என்று கணித்துள்ளனர். ஹாஃப்னியம்-182 என்றோ தீர்ந்துவிட்டமையால் அக்குறையை நிரப்புவாரும் இல்லை.

இனி, சான்றின் வரலாறு ஒரு நீதிமன்ற வழக்கைப் போன்றது. 1998-இல் ஹவாய்த் தீவுகளின் எரிமலைப் பாறைகளில் ஆஸ்மியத்தை ஆராய்ந்தோர், கருவத்தின் கலப்பு உண்டு என்றனர். 2004-இல் ஹவாய்ப் பாறைகளில் டங்ஸ்டனை அளந்தோர், குறைவு ஏதும் காணோம் என மறுத்தனர். வழக்குத் தள்ளுபடியானது போலவே இருந்தது. ஆனால் அளவைக் கருவிகள் மேலும் நுட்பமாயின. 2017-இல் ஹவாய், சமோவா தீவுகளின் பாறைகளில் பத்து இலட்சத்திற்கு ஏறத்தாழ 18 பங்கு வரை குறைவு காணப்பட்டது. பூமி தோன்றிய நாள்முதல் உள்ளே அடைபட்டுக் கிடக்கும் ஹீலியம்-3 மிகுந்த பாறைகளிலேயே இக்குறைவும் மிகுந்திருந்தது.

எனினும் எதிர்வாதம் ஒன்று இருந்தது, அது வலிமையானதே. கருவத்து உலோகம் நேரே கலந்திருப்பின் பிளாட்டினம் போன்ற அரிய உலோகங்களும் அப்பாறைகளில் மிகுந்திருக்க வேண்டுமல்லவா? மிகவில்லை. கவசத்திற்குள்ளேயே கலவாது கிடந்த பழம்பகுதி ஒன்று இக்குறைவுக்குக் காரணமாகலாம் என்றும் சிலர் கருதினர்.

இந்நிலையில் 2025-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர் ருத்தேனியத்தைச் சாட்சிக்கு அழைத்தனர். கருவம் பிரிந்தபோது ருத்தேனியம் அனேகமாக முழுவதும் அதனுடன் அமிழ்ந்தது. இன்று கவசத்தில் உள்ளது பெரும்பாலும் பின்னாளில் விழுந்த விண்பொருள்கள் கொணர்ந்தது. பிறப்பிடம் வேறாகையால், கருவத்து ருத்தேனியத்தில் ருத்தேனியம்-100 சற்றே மிகுதி. அம்மிகுதி ஹவாய்ப் பாறைகளில் தென்பட்டது. டங்ஸ்டனில் குறைவு, ருத்தேனியத்தில் மிகுதி; தனித்தனி வரலாறுடைய இரு சாட்சிகளும் ஒரே திசையைச் சுட்டியதே இதன் சிறப்பு.

பூமியின் தங்கத்தில் 99.9 விழுக்காட்டிற்கு மேல் கருவத்தில் உள்ளதாகையால், செய்தித்தாள்கள் தங்கம் கசிவதாகவே தலைப்பிட்டு மகிழ்ந்தன. நகைக்கடைக்காரர் மகிழ ஏதுமில்லை. கசிவு மிக மிகச் சிறிது.

கசியும் வழி பற்றிய வாதம் ஓயவில்லை. உலோகமே நுழைகிறது என்பார் உண்டு. கருவம் குளிருங்கால் அதில் கரைந்திருந்த ஆக்சைடுகள் பிரிந்து கவசத்தின் அடியில் ஒட்டி, அங்கிருந்து வெப்பப் பாறையோட்டத்துடன் மேலெழுகின்றன என்பாரும் உண்டு. அரிய உலோகங்கள் மிகாமைக்கு இரண்டாம் கருத்து ஓரளவு விடை தருவதால், என் மனம் அதன் பக்கமே சாய்கிறது. அம்மாணவன் இன்று எவ்வூரில் உள்ளானோ அறியேன். அவன் கேட்டதற்கு, கசிகின்றது என்றே தோன்றுகிறது, தம்பி.