உயிர் காக்கும் பொம்மைகள்

மனிதனைக் கொல்லும் யந்திரங்களைப் புகழ்ந்த கதைகள் உலகில் கணக்கற்றவை. மனிதனைக் காக்கும் யந்திரங்களைப் பற்றிய கதைகளோ மிகச் சில. அச்சிலவற்றுள் தலைசிறந்த ஒன்று, பிரிட்டனில் பொம்மைகளைக் கொண்டு எடுக்கப்பட்ட 'தண்டர்பேர்ட்ஸ்' என்னும் டெலிவிஷன் தொடர். 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி முதன்முதலாக ஒளிபரப்பான அதற்கு 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் அறுபது ஆண்டுகள் நிறைந்தன. குழந்தைகளின் பொம்மலாட்டத்துக்குச் சஷ்டியப்த பூர்த்தியா என்று சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு முன், அது பிறந்த வரலாற்றைச் சற்றே நோக்குவது நலம்.

1963-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி, மேற்கு ஜெர்மனியில் லெங்கெடே என்ற ஊரின் இரும்புச் சுரங்கத்துக்குள் சேறும் நீரும் உடைத்துக்கொண்டு பாய்ந்தன. உள்ளே இருந்தவர் 129 பேர். முதல் சில மணி நேரத்தில் பலர் தப்பி வெளியேறினர். மற்றும் சிலர் பின்னர் மீட்கப்பட்டனர். இனி எவரும் உயிருடன் இரார் என்று எண்ணி இரங்கல் வழிபாட்டுக்கும் ஏற்பாடு நடந்தது. ஆயினும் தோழர்களைக் கைவிட மனமில்லாத தொழிலாளர், இன்னும் ஓரிடத்தில் துளையிட்டுப் பார்க்கும்படி வற்புறுத்தினர். பார்த்தனர், கீழிருந்து தட்டும் ஓசை கேட்டது! நவம்பர் 7-ஆம் தேதி, பதினான்கு நாட்கள் இருளில் கிடந்த பதினொருவர் உயிருடன் மேலே வந்தனர். மாண்டவர் 29 பேர்.

மீட்புக்கு வேண்டிய பெரிய துளை யந்திரம் தொலைவிலுள்ள பிரேமன் நகரிலிருந்து வரவேண்டியிருக்கிறது என்ற செய்தியை இங்கிலாந்தில் ரேடியோவில் கேட்டவர்களுள் ஜெர்ரி ஆண்டர்சன் என்பவரும் ஒருவர். பொம்மைப் படங்கள் எடுப்பது அவர் தொழில். அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது: விபத்து நேர்ந்த பிறகு யந்திரத்தைத் தேடி அலைவானேன்? எங்கே ஆபத்து நேரினும் நொடியில் புறப்படும்படி யாவும் முன்னரே சித்தமாக நின்றால் என்ன? அக்கேள்விக்கு விடையாக, ஆண்டர்சனும் அவர் மனைவி சில்வியாவும் சேர்ந்து புனைந்ததே இத்தொடர்.

கதை நூறாண்டுக்குப் பிந்திய காலத்தில் நடக்கிறது. முன்னாள் விண்வெளி வீரரும் கோடீசுவரருமான ஜெஃப் டிரேசி, பசிபிக் சமுத்திரத் தீவொன்றில் 'சர்வதேச மீட்பு' என்னும் ரகசிய ஸ்தாபனத்தை நடத்துகிறார். ஸ்காட், ஜான், வெர்ஜில், கோர்டன், ஆலன் என்ற ஐந்து புதல்வரும் அதன் ஊழியர்கள். இப்பெயர்கள் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களின் பெயர்களே. அதிவேக விமானம், பெருஞ்சுமை தாங்கும் விமானம், விண்கலம், சிறு நீர்மூழ்கி, விண்வெளி நிலையம் என ஐந்து வாகனங்கள். பூமியைக் குடைந்து செல்லும் 'மோல்' என்ற யந்திரமும் அவர்களிடம் உண்டு. லெங்கெடேயின் நினைவை அதில் காண்கிறோம். முதற் கதையில், சக்கரப் பகுதியில் வெடிகுண்டு வைக்கப்பட்டுத் தரையிறங்க இயலாமல் தவிக்கும் விமானத்தின் பிரயாணிகளைக் காக்கின்றனர். நாடு பிடிப்பதற்கோ பகை தீர்ப்பதற்கோ அவர்கள் புறப்படுவதில்லை. அபயக்குரல் கேட்டால் செல்வர். காரியம் முடிந்ததும் புகழையும் எதிர்பாராது மறைவர்.

தொடரின் பெயருக்கும் ஒரு துயர வரலாறு உண்டு. ஆண்டர்சனின் தமையனார் லயனல் விமானப்படையில் சேர்ந்து, அமெரிக்காவில் பயிற்சி பெற்றபோது வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் 'தண்டர்பேர்ட்' என்ற விமானத்தளத்தைக் குறிப்பிட்டிருந்தார். 1944-இல் போர் அவரை விழுங்கிற்று. போர்ப்பயிற்சிக் களத்தின் பெயரை உயிர் காக்கும் வாகனங்களுக்குச் சூட்டினார் தம்பி. இதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறென்ன வேண்டும்?

லண்டனுக்கு மேற்கேயுள்ள ஸ்லோ நகரின் தொழிற்பேட்டையில் இப்படங்கள் உருவாயின. பொம்மையின் தலைக்குள் சிறு மின்காந்தக் கருவி வைத்து, முன்னரே பதிவு செய்த பேச்சின் ஒலிக்கு ஏற்ப மெல்லிய கம்பி வழியே மின்சாரம் செலுத்தி உதட்டை அசையச் செய்தனர். பொம்மைகளுக்கு நன்றாக நடக்க வராது; ஆகையால் அவற்றைப் பெரும்பாலும் வாகனங்களில் அமர்த்தினர். குறையே அழகாயிற்று! ஓடும் விமானத்தைக் காட்ட, மாதிரி விமானத்தை அசையாது நிறுத்தி அடியிலுள்ள பாதையை ஓடச் செய்தார் டெரெக் மெட்டிங்ஸ். அரைமணிப் படங்களாகத் தொடங்கியவற்றைக் கண்டு வியந்த முதலாளி லூ கிரேட், ஒருமணிப் படங்களாக விரிக்கக் கட்டளையிட்டார். ஆயின் அமெரிக்காவின் பெரிய ஒளிபரப்பு ஸ்தாபனங்கள் வாங்க முன்வராமையால் 32 கதைகளோடு தொடர் நின்றது. லாபம் இல்லையெனில் கலைக்கு ஆயுள் இல்லை என்னும் வியாபார நீதிக்கு இதுவும் பலியாயிற்று.

குறைகளையும் மறைத்தல் தகாது. கதையின் பெரும் வில்லனான 'ஹூட்', மலேசியக் காட்டிலுள்ள ஒரு கோயிலிலிருந்து வசியத்தால் தீமை புரியும் கீழ்நாட்டான். அவன் சகோதரன் கிரானோவோ டிரேசி வீட்டு ஊழியன். கீழ்நாட்டான் ஒன்று வஞ்சகன், அன்றேல் ஏவலாள் என்ற ஏகாதிபத்திய மனப்பான்மை, நூறாண்டுக்குப் பிந்திய உலகைக் கற்பனை செய்தவரையும் விட்டபாடில்லை. மனிதகுலம் முழுவதையும் காக்கப் புறப்பட்ட கதைக்கு இது மாசு என்பதில் ஐயமில்லை.

மற்றொன்றும் சிந்திக்கத் தக்கது. தீயோர் கையில் அகப்பட்டால் அழிவுக்குப் பயன்படுமென்று அஞ்சியே டிரேசி தம் யந்திரங்களை ஒளித்து வைக்கிறார். காக்கும் கருவி மறைந்து வாழ வேண்டும். கொல்லும் கருவியோ வீதியில் அணிவகுத்துப் பவனி வருகிறது! உயிர் காப்பது ஒரு செல்வரின் ரகசியத் தருமமாக இருக்கலாமா? அது அரசாங்கங்களின் பகிரங்கக் கடமையன்றோ?

ஐம்பதாம் ஆண்டு நினைவாக, பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு பழைய முறையிலேயே மூன்று கதைகளை அன்பர்கள் எடுத்து முடித்தனர். அவ்வன்பு போற்றத்தக்கது. எனினும் பொம்மைகளுக்குச் செய்யத்தக்க மெய்யான மரியாதை வேறு. யுத்தத்துக்காகக் கருவிகளை முன்னரே சேகரித்து வைப்பதில் ராஜ்யங்களுக்குள்ள பதைப்பு, சுரங்கத்தில் சிக்கியவனுக்காகவும் வெள்ளத்தில் தவிப்பவனுக்காகவும் தோன்ற வேண்டும். துளை யந்திரம் வந்து சேரும்வரை பூமிக்கடியில் ஒருவன் காத்துக் கிடக்கும் நிலை உள்ளவரை, ஆண்டர்சன் எழுப்பிய கேள்வி நாடுகளின் முன் நிற்கவே செய்யும்.