உழவு இயந்திரத்தின் நீர்ப்பம்பி ஒழுகுகிறதா? கண்டறியும் முறை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மானாவாரி வயல்களை வடகீழ்ப் பருவமழை வலுக்குமுன் உழுது விதைத்து முடித்தல் வேண்டும். அந்நாட்களில் உழவு இயந்திரம் சூடேறி நின்றுவிடுமாயின் பருவமே தவறக்கூடும். பழைய இயந்திரங்கள் சூடேறுவதற்கு நீர் ஒழுகுதல் ஒரு முக்கிய காரணமாகும். எனினும், ஒழுக்கைக் கண்டவுடன் பம்பியே பழுதென்று புதியதை வாங்குதல் வீண்செலவாய் முடியலாம். நீர் எவ்விடத்திலிருந்து வருகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இங்கு நீர்ப்பம்பி என்பது வயலுக்கு நீர் இறைக்கும் பம்பியன்று. எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பியாகும். 1964 இன் இறுதியில் வெளிவந்த மாசி பெர்குசன் 135 போன்ற இயந்திரங்களில் இது எஞ்சினின் முன்புறத்தில், விசிறியின் பின்னால் இருக்கும். விசிறிப் பட்டியினாற் சுழன்று, றேடியேற்றரில் ஆறிய நீரை எஞ்சினுக்குள் செலுத்தும். இதன் தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் சீல் ஒன்றும், தண்டைத் தாங்கும் பெயறிங்கும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே, பம்பியின் அடிப்புறத்தில் ஒரு சிறு துவாரம் இருக்கும். சீல் தேய்ந்தால் நீர் பெயறிங்கினுட் புகாது இத்துவாரத்தின் வழியே வெளியேறும்.

சோதிக்கும் முறை

1. எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே றேடியேற்றர் மூடியைத் திறக்கவும். சூடாயிருக்கும்போது திறந்தால் கொதிநீர் பீறிட்டு உடலைச் சுடும்.

2. நீரை நிரப்பி, மூடியை இட்டு, எஞ்சினின் முன்புறத்தைக் கழுவித் துடைக்கவும். பின் எஞ்சினை இயக்கி, விசிறிக்கு எட்ட நின்று பார்க்கவும். விசிறிக்காற்று நீரைப் பின்னோக்கிச் சிதறச் செய்யும். ஆதலால் ஈரமான இடங்களுள் மிக உயர்ந்ததும் முன்னுள்ளதுமான இடத்தையே கவனிக்கவும். துருநிறக் கோடும் வெண்படிவும் நெடுநாள் ஒழுக்கைக் காட்டும்.

3. குழாயின் முனையில் ஈரமாயின் பட்டியை இறுக்கவும்; வெடித்த குழாயை மாற்றவும். பம்பி எஞ்சினோடு பொருந்தும் இடத்தில் ஈரமாயின் கஸ்கற்றை மாற்றினால் போதுமாகலாம். அடித்துவாரத்திலிருந்து நீர் தொடர்ந்து சொட்டின் சீல் பழுதாகும்.

4. எஞ்சினை நிறுத்தி, ஆறியபின், விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவும். தண்டு ஆடினும், பட்டியைக் கழற்றிக் கையாற் சுழற்றும்போது கரகரத்தாலும் பெயறிங் தேய்ந்துள்ளது. சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை.

5. சில ஒழுக்குகள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும், சில சூடேறியபோதும் மட்டுமே தோன்றும். ஆகவே காலையிலும், வேலை முடிந்ததும் பார்க்கவும்.

வெளியே ஒழுக்கின்றி நீர் குறையுமாயின், எண்ணெய்க் கோலை எடுத்துப் பார்க்கவும். எண்ணெய் பால்தேநீர் நிறமாயிருப்பின் நீர் அதனோடு கலந்துள்ளது. இயந்திரத்தை இயக்காது திருத்துநரிடம் காட்டவும்.

செய்யத்தகாதவை

அடித்துவாரத்தை ஆணியினாலோ பசையினாலோ அடைத்தல் ஆகாது. அடைத்தால் வெளியேற வழியற்ற நீர் பெயறிங்கை அரிக்கும். விசிறியும் ஆட்டங்கண்டு றேடியேற்றரைக் கிழிக்கக்கூடும். நீர் வற்றிச் சூடேறிய எஞ்சினில் உடனே குளிர்நீரை ஊற்றினால் எஞ்சினின் தலைப்பகுதி வெடிக்க இடமுண்டு. விசிறிப் பட்டியை அளவுக்கு மேல் இறுக்கினால் பெயறிங் விரைவில் தேயும். கைந்நூலிற் கூறிய அளவே போதும்.

வாவியின் உவர்நீரை அவசரத்துக்கும் றேடியேற்றரில் ஊற்றலாகாது. கரையோரக் கிணறுகள் சிலவற்றின் நீரும் உவரானது. உப்பு உலோகத்தை அரிக்கும். வாய்க்காற் சேறு சீலைத் தேய்க்கும். களுதாவளை போன்ற எழுவான்கரை ஊர்களில் மரக்கறி செய்வோரும் இதைக் கருத்திற் கொள்க. கைந்நூல் கூறும் குளிர்விப்புத் திரவத்தைத் தூய நீரிற் கலந்து இடுவதே சிறந்தது. அது கிடையாதவிடத்து வடிகட்டிய மழைநீரை உபயோகிக்கலாம்.

ஒழுகும் பம்பியுடன் உழவைத் தொடராது, அடிக்கடி நிறுத்தி, ஆறவிட்டு, நீர் நிரப்பி வீடு சேர்க்கவும். பெரும்போகத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே இச்சோதனையைச் செய்தால், பழுது பார்க்க அவகாசமும் கிடைக்கும், விதைப்பும் பிந்தாது.